வாகை மரத்தடிச் சாம்பல்

செங்கமலம் பூங்காவுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது தொண்டு செய்ய அல்ல, ஆட்டைத் தேடி. உடையார்பாளையத்தில் பாழாய்க் கிடந்த பழைய ஜமீன் தோட்டத்தைப் பஞ்சாயத்து எடுத்துப் ‘பூங்கா’ என்று பலகை மாட்டிய எழுபத்தெட்டாம் வருஷம் அது. பலகை மாட்டியதோடு பஞ்சாயத்துக்குக் கை வலித்துவிட்டது போலிருக்கிறது. வேலி கட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஊர்க்காரர்கள் நாலு பேர் தலையில் விழுந்தன. அவர்கள் தங்களுக்குப் ‘பூங்கா மன்றம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தலைவர், கடைத்தெரு டெய்லர் வைத்திலிங்கம்.

செங்கமலத்தின் ஆடு அவர்கள் நட்டு வைத்த கன்றுகளில் ஏழெட்டை மொட்டையடித்துவிட்டிருந்தது. அதற்குத் தண்டனையாக எட்டு நாள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வைத்திலிங்கம் தீர்ப்புச் சொன்னார். துணி வெட்டுவதைவிடத் தீர்ப்புச் சொல்வதில்தான் அவருக்கு ருசி அதிகம். செங்கமலம் ஒன்பதாம் நாளும் குடத்தோடு வந்து நின்றாள்.

“அதான் எட்டு நாளு முடிஞ்சிபோச்சே, இன்னும் என்னா?” என்றார் வைத்திலிங்கம்.

“வேப்பங்கன்னு வாடிக் கெடக்கு டெய்லரண்ணே. எட்டு நாளு கணக்கெல்லாம் அதுக்குத் தெரியுமா?”

அப்படித்தான் அவள் மன்றத்தில் ஐந்தாவது ஆளானாள். பகலெல்லாம் கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கன்றிக் கறுத்துப்போயிருக்கும். விடிகாலையும் சாயங்காலமும் பூங்கா. புருஷன் பழனிவேல் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போய்விட்டு சனிக்கிழமைதான் பஸ் ஏறி வருவான். வந்தவுடன், “ஊரு வெட்டிவேலையெல்லாம் ஒன் தலையிலதானா?” என்று கேட்பான். பெரம்பலூரில் வாக்கப்பட்ட மகள் மலர்க்கொடி கூப்பிட்டாலும் அங்கே இரண்டு நாளுக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. காரணம் செடிகள் மட்டுமல்ல, மயில்கள்.

ஜமீன் காலத்திலிருந்தே அந்தத் தோட்டத்தில் மயில்கள் உண்டு. அவள் வந்தபோது பதினொன்று இருந்தன. மடியில் கொஞ்சம் நிலக்கடலை கட்டிக்கொண்டு போவாள். மற்றவர்களைக் கண்டால் புதருக்குள் ஓடும் மயில்கள் அவளைக் கண்டால் ஓடுவதில்லை. ஆண்மயில் ஒன்று ஒரு நாள் நேராக வந்து கையிலேயே கொத்தித் தின்றது. அன்று கொட்டகை முழுக்க அவள் பேச்சு அதுதான். “முருகன் வரலியா கூட?” என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. பூங்காக் குட்டை பாளம் பாளமாக வெடித்தது. தெருப் பம்பில் வரிசையில் நின்று பிடித்த இரண்டு குடத்தில் ஒன்றை வீட்டுக்கும் ஒன்றை மயில்களுக்கு வைத்த கல்தொட்டிக்கும் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுக்காரிகள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர்கள் ஏசியதும் நியாயந்தான். தாகத்தில் வெளியே போன மயில்களை நாய்கள் பிடித்தன. சில போனவை திரும்பவே இல்லை. அடுத்த வருஷம் ஆடியில் மழை இறங்கியபோது மிஞ்சியவை மூன்று: ஓர் ஆண், இரண்டு பெட்டை.

மூன்றாவது குடத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லாமல் இருந்த ஊர், மழை கண்டதும் எல்லாவற்றையும் மறந்து கடலை விதைத்தது. மன்றத்துக்கு மட்டும் மறக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக இட்ட முட்டைகளையெல்லாம் கீரியும் நாயும் தின்றிருந்தன. இந்த முறையும் தப்பவில்லையென்றால் இந்தப் பூங்காவில் மயில் என்ற பேச்சே இராது. இடிந்த மதிலோரம் ஒரு பெட்டை ஆறு முட்டை இட்டிருந்தது. மறுநாள் பார்த்தால் ஐந்து.

“பாரஸ்ட் ஆபீஸுக்கு ரெண்டு லெட்டர் போட்டாச்சு. பதிலக் காணும்,” என்றார் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் நடராசன். அவரும் மன்றத்தில் ஒருவர். “பதில் வர்றதுக்குள்ள கீரி வந்துடும்.”

“என் கருப்புக் கோழி அடைக்கு ஒக்காந்திருக்குண்ணே,” என்றாள் செங்கமலம். “எங்கிட்ட குடுங்க. பொரிச்சுக் குடுக்குறேன்.”

வைத்திலிங்கம் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, “ஒன்ன நம்பித்தான் குடுக்குறோம்,” என்று சொல்லி ஐந்து முட்டைகளையும் தன் துண்டில் பொதிந்து அவளிடம் நீட்டினார். அவள் முந்தானையை விரித்து அதை வாங்கிக்கொண்டாள்.

அடை வைப்பதில் செங்கமலத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழைய கூடையில் சலித்த சாம்பல் அரைக்கூடை, மேலே வைக்கோல். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும். கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள். மயில் முட்டைக்கு இருபத்தெட்டு என்று நடராசன் சொல்லியிருந்தார். அந்த ஏழு நாள்தான் கண்டம். அடைக்கோழி கருப்பிக்கு அந்தக் கணக்கு தெரியாது அல்லவா?

இருபத்திரண்டாம் நாள் கருப்பி கூடையை விட்டு எழுந்தது. செங்கமலம் தூக்கிப் பார்த்தாள். இறகுக்கடியில் பேன் மொய்த்துக் கிடந்தது. நாள் கூடினால் அடைக்கோழிக்குப் பேன் வைக்கும். கடி தாங்காமல் எழுந்து ஓடிவிடும். அதற்கு ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியந்தான். கடலைச் செடியில் கம்பளிப்புழுவுக்குத் தூவும் பி.எச்.சி. பொடியை ஒரு சிட்டிகை சாம்பலில் கலந்து விடுவார்கள். அவளே பத்து வருஷமாகச் செய்துவருவதுதான். ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஆனால் இது மயில் முட்டை. ஊரே நம்பிக் கொடுத்தது. ஒரு பேன்கூட மிஞ்சக் கூடாது என்று நினைத்தாள். கடையில் பொட்டலமாக வாங்கி வந்த பொடியை ஒரு சிட்டிகைக்குப் பதில் கை நிறைய அள்ளி, ஒரு தடவை, இன்னொரு தடவை என்று சாம்பலில் போட்டுக் கிளறினாள். அக்கறை மிஞ்சினால் கை அளவு பார்ப்பதில்லை. கருப்பி மறுபடியும் அமைதியாக உட்கார்ந்தது.

இருபத்தெட்டாம் நாள் நாலு குஞ்சு பொரித்தது. ஒன்று கூமுட்டை. வைத்திலிங்கம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்தார். தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். செங்கமலத்தின் வாசலில் கூட்டம். அவள் ஜென்மத்தில் இத்தனை பேர் அவள் வீடு தேடி வந்ததில்லை. அந்த ஒரு பகல் அவள் ராணியாக இருந்தாள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இரண்டாம் நாள் ஒரு குஞ்சு நிற்க முடியாமல் வெடவெடவென்று நடுங்கியது. தலை பின்னால் வளைந்துகொண்டது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. நாலாம் நாளில் நாலும் போய்விட்டன. கருப்பியும் இரை எடுக்காமல் கிறங்கிக் கிடந்தது, பிழைத்துக்கொண்டது. நடராசன் வந்து பார்த்துவிட்டு, “சீக்கா இருக்கும், இல்ல குளிரா இருக்கும். காட்டுக் குஞ்சு வூட்ல தங்காது,” என்று கையை விரித்தார். செங்கமலம் இரண்டு நாள் உலை வைக்கவில்லை.

“அழுவாத. பெட்ட ரெண்டு இருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்றார் வைத்திலிங்கம்.

அந்த அடுத்த வருஷத்துக்காகத்தான் அவள் அதைச் செய்தாள். அடை கலைத்த சாம்பலைக் குப்பையில் கொட்டக் கூடாது, கால் படாத மரத்தடியில் கொட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் தங்கும் என்பது அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். கோழியின் சாம்பல் என்றால் வீட்டு முருங்கையடி போதும். இது மயிலின் ஈடு, மயில் இருக்கும் இடத்திலேயே தங்கட்டும் என்று கூடையை இடுப்பில் வைத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோனாள். பெரிய வாகை மரத்தடியில், மண் பொலபொலவென்று இருந்த இடத்தில் கொட்டிக் கும்பிட்டாள்.

அந்த இடம் ஏன் பொலபொலவென்று இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஐந்து வருஷமாகப் பார்த்தவள்தானே. வெயில் ஏறினால் ஆண்மயில் மதிலோரப் புழுதிக்குப் போகும், பெட்டைகள் இரண்டும் அங்கேதான் குழி பறித்துப் படுத்துப் புழுதியை வாரி இறகெல்லாம் இறைத்துக்கொள்ளும். சாம்பல் என்றால் அவற்றுக்கு இன்னும் கொண்டாட்டம். பேனுக்கு நல்லதுதானே என்றுகூட அவள் நினைத்தாள். கூடைக்குள் இருந்த சாம்பலில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கும்பிடு போடும் நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஆறாம் நாள் காலை ஒரு பெட்டை குட்டையோரம் கிடந்தது. மறுநாள் வேலிக்கடியில் இன்னொன்று. தலை பின்னால் வளைந்திருந்தது.

நடராசன் இந்த முறை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். “சீக்கு இல்ல. மருந்து,” என்றார்.

வைத்திலிங்கத்தின் முகம் சிவந்தது. பூங்கா மதிலை ஒட்டி இளையபெருமாளின் கடலைக் கொல்லை. மயில் கடலையைக் கிளறுகிறது என்று வருஷா வருஷம் சண்டை பிடிப்பவர் அவர். “ஒரு நாளைக்கி மருந்து வச்சி ஒழிச்சிப்புடுறேன் பாரு” என்று போன தையில் கடைத்தெருவில் நின்று கத்தியதை ஊரே கேட்டிருந்தது.

“வாங்கடா, கேட்டுட்டு வருவோம்,” என்று வைத்திலிங்கம் கிளம்பினார்.

பெட்டையைப் புதைக்கத் தூக்கியவள் செங்கமலம். தூக்கும்போது மூக்கில் ஏறியது அந்த நெடி. இறகின் அடித் தூவியெல்லாம் சாம்பல். சாம்பலோடு பி.எச்.சி.யின் குமட்டும் வீச்சம். அவள் வாகை மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு குழி, இரண்டு பெட்டை படுத்த அளவுக்கு. நாலு குஞ்சுக்கும் சேர்த்து அப்போதுதான் விளங்கியது.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. பழி போக வேண்டிய இடத்துக்குத் தானாகவே நடந்து போய்க்கொண்டிருந்தது. அவள் பெட்டையை அங்கேயே கிடத்திவிட்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது கடலைக் கொல்லைக் களத்தில் கூட்டம் கூடிவிட்டது. வைத்திலிங்கம் இளையபெருமாளின் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“பச்சப் பாவி, ரெண்டு பெட்டையையும் கொன்னுட்டியே!”

“மருந்து மூட்டைய இன்னும் பிரிக்கவே இல்லய்யா! வந்து பாரு!” என்று இளையபெருமாள் அலறினார்.

“டெய்லரண்ணே, அவர வுடுங்க,” என்றாள் செங்கமலம். மூச்சு இரைத்தது. “நாந்தான். அடச் சாம்பல்ல நாந்தான் பொடியப் போட்டேன், பேனுக்கு. அத வாகையடில கொட்டுனதும் நாந்தான். குஞ்சும் அதுலதான் செத்துது.”

வைத்திலிங்கம் துண்டை விட்டார். கன்னத்தில் நாலு அறை விழும் என்று அவள் நின்றாள். விழுந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இளையபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “போம்மா, வூட்டுக்குப் போ. தெரிஞ்சா செஞ்ச?” என்றார். ஏழு வருஷமாக மயிலைத் திட்டித் தீர்த்த வாய் அது. அவர் அப்படி இரக்கப்பட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே அவளும் வைத்திலிங்கமும் வாகையடிச் சாம்பலை மண்ணோடு வெட்டி எடுத்து ஊருக்கு வெளியே ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். வேலை முடிந்ததும் அவர் பூங்காச் சாவியை அவள் பக்கம் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் பூங்கா வாசலை மிதிக்கவில்லை. தலைவர் வராத இடத்துக்கு மற்றவர்கள் எத்தனை நாள் வருவார்கள்? பொங்கலுக்குள் மன்றம் என்று ஒன்று இருந்ததே ஊருக்கு மறந்துபோயிற்று. பஞ்சாயத்துப் பலகை மட்டும் துருப்பிடித்துத் தொங்கியது.

வேறு இடத்திலிருந்து ஒரு பெட்டை கிடைக்குமா என்று அவள் கேட்காத ஆளில்லை. நடராசனைக் கொண்டு மூன்றாவது லெட்டரும் போட வைத்தாள். அதற்கும் பதில் இல்லை. “நீ எங்கூட வந்துடும்மா,” என்று மலர்க்கொடி அழுது கூப்பிட்டாள். செங்கமலம் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், நாலாம் நாள் திரும்பி வந்தாள்.

ஆண்மயில் இருந்தது. அடுத்த ஆடியில் மழை இறங்கியதும் மதில்மேல் ஏறி நின்று தோகையை விரித்தது. பார்க்க ஒரு பெட்டை இல்லை. காலையிலும் சாயங்காலமும் அகவிக்கொண்டே இருந்தது. கொட்டகை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். கேட்கும்போதெல்லாம் செங்கமலத்தின் கை சுத்தியலோடு நின்றுவிடும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், கேலி செய்ய ஒருத்தியும் இல்லை. இப்படி ஒரு ஆடியல்ல, நாலு ஆடி.

சாயங்காலம் குடத்தோடு பூங்காவைத் திறப்பாள். கல்தொட்டியில் தண்ணீர் ஊற்றுவாள். மயில் மதிலைவிட்டு இறங்கி, வாகை மரத்தைச் சுற்றிக்கொண்டு நேராக அவளிடம் வரும். வேறு யாரையும் கண்டால் இன்றைக்கும் ஓடிவிடுகிற மயில், அவள் கறுத்த விரல்களை விரித்ததும் கழுத்தை நீட்டிக் கடலையைக் கொத்தும். அந்த ஊரில் அது நம்பியது அவள் கையை மட்டுந்தான்.