அம்மாவின் உரலில் குத்திய சாமை

சாமையை உமி நீக்கி, பொட்டலம் போட்டு விற்பதுதான் மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் என் தொழில். போன வருடம் ஒரு நாள் காலையில் மெஷின் நின்றுவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் நாமக்கல் கடைக்கு மூட்டை போயாக வேண்டும். அடிவாரத்துக் காரவள்ளி மெக்கானிக், மேலே வர இரண்டு நாளாகும் என்றார். மெஷினோடு மல்லுக்கட்டி ஓய்ந்து போயிருந்த எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

விஷயம் கேள்விப்பட்டு, வாசலூர்பட்டியில் இதே சாமை வியாபாரம் செய்யும் ஓர் அக்கா, உலக்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்கிருந்த ஒரே போட்டி அவர்தான்.

“உங்களுக்கு எதுக்குங்கக்கா இந்தச் சிரமம்?” என்றேன்.

“நீ அனுப்பலீன்னா, கடைக்காரரு மலைச் சாமையே வேண்டாம்பாரு கண்ணு. அப்புறம் நான் எங்க போய் விக்கிறது?”

கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த அம்மாவின் கல்லுரலைக் கழுவினோம். குத்திப் புடைத்தெடுத்த முதல் பிடி சாமை அரிசியை அக்கா உரலடியில் வைத்தார்.

“எங்கம்மாளுக்கும் உங்கம்மாளுக்கும்,” என்றார். இருவருமே இப்போது இல்லை.

மாற்றி மாற்றிக் குத்தினோம். மதியத்துக்குள் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். பொழுது சாயும்போதுதான் மூட்டை நிறைந்தது.

அம்மா இதை ஒரு வேலை என்றே சொன்னதில்லை. குத்தி முடித்த கையோடு காட்டுக்குப் போவாள், திரும்பி வந்து சோறும் ஆக்குவாள். எனக்கோ அன்று அடுப்பைப் பற்றவைக்க முடியவில்லை. அக்கா கொண்டுவந்திருந்த பலாச்சுளைகளைத் தின்றுவிட்டு, இரண்டு பேரும் சுவரோரம் அப்படியே சாய்ந்துவிட்டோம்.