வித்வான் போடாத கையெழுத்து

அத்தையின் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெயர்பெற்ற நாகஸ்வர வித்வானை வரவழைத்திருந்தார்கள். ஆட்டையாம்பட்டிச் சுற்றுவட்டாரமே எங்கள் வீட்டுப் பந்தலில்தான் இருந்தது. எட்டு வயதில் எனக்குக் கல்யாணத்தைவிடப் புதுப் பட்டுப்பாவாடைதான் பெரிது. சித்தப்பாவுக்கோ ஆட்டோகிராப் புத்தகம்.

சேலத்தில் காலேஜ் படித்த அவர், ஊருக்கு வருகிற பெரிய மனிதர் ஒருவரையும் விடமாட்டார். ஜட்ஜு முதல் கிரிக்கெட் ஆட்டக்காரர் வரை கையெழுத்து வாங்கியாயிற்று. ரோஜா நிறப் பக்கம் ஒன்றை வித்வானுக்கென்றே ஒதுக்கியிருந்தார். "அவரு கையெழுத்து மட்டும் கெடைக்கட்டும் சாமி, அப்பறம் புஸ்தகத்தையே மூடி வெச்சுருவேன்" என்று என்னிடம் சொன்னார்.

மாப்பிள்ளை அழைப்பில் கோயிலிலிருந்து பந்தல்வரை வித்வான் வாசித்துக்கொண்டே நடந்து வந்தார். அடேயப்பா, என்ன வாசிப்பு! வந்து நின்றதும் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். நானும் சித்தப்பாவும் பந்தல் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா உட்கார்ந்தபடியே புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்கு வந்த ஞாபகமா ஒரு கையெழுத்துப் போடுங்க."

வித்வான் சிரித்தார். "நின்னுகிட்டே வாசிக்க எங்கப்பா சொல்லிக் கொடுத்தாரு தம்பி. நின்னுகிட்டே எழுதச் சொல்லிக் கொடுக்காமலே போயிட்டாரு!"

பந்தலே குலுங்கிச் சிரித்தது. சித்தப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "செரிங்க, காலையில வாங்கிக்கறனுங்க" என்றார். காலையில் தாலி கட்டியதுமே வித்வான் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ரோஜா நிறப் பக்கம் கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்! என் மகள் கல்யாணத்திலும் சொன்னேன். அங்கே வாசிக்க வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் அவரை உட்காரச் சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார்.

மேளக்காரரை உட்காரச் சொல்லும் வழக்கமே எங்கள் வீடுகளில் அப்போது கிடையாது. அதனால் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று வித்வான் உட்கார ஓர் இடம் கேட்டிருக்கிறார். நாங்கள் தமாஷ் என்று சிரித்திருக்கிறோம்.

பாவி, நானாவது எழுந்திருக்கலாம். அன்று அதைச் சொன்னபோது வித்வானின் கண் எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் காலியாகக் கிடந்த பெஞ்சின் மேல் இருந்தது. என் பட்டுப்பாவாடையைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. நன்றாகப் பார்க்கட்டுமென்று அதை அந்தக் காலியிடம் முழுதும் விரித்து வைத்தேன்.