புருவத்தில் ஒரு கறை

எனக்கு வடிவாய் எழுத வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கோ.

சண்டை ஓய்ஞ்சிருந்த சமாதான காலத்தில், என்ர மனுசனின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு, அவரின் தங்கச்சி மகள் செல்வி நீர்வர்ணத்தில் அவரின் முகத்தைக் கீறித் தந்தாள். ஒரு புருவத்தில் தண்ணி ஊறிக் கறை பிடிச்ச மாதிரி இருந்தது. சபைக்கு வைக்க வெட்கப்பட்டு, புதுக்குடியிருப்புக் கடையொன்றில் அவரின் பழைய போட்டோவைக் கொம்பியூட்டரில் நீர்வர்ணம் மாதிரியே மாத்தி எடுப்பிச்சன். செல்வியின் படத்தை அடுப்பில் போட்டிட்டன்.

திவசத்தன்று செல்வி அந்தக் கொம்பியூட்டர் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"நல்ல வடிவு மாமி. ஆனா மாமா கிணத்தடியில விழுந்த காயத்தழும்பைக் காணேல்லையே?"

"போட்டோ எடுத்த பிறகுதானே பிள்ளை விழுந்தவர்."

"அதுதான் நான் நினைவா வைச்சுக் கீறினனான். எங்கை என்ர படம்?"

"பெட்டிக்குள்ள பத்திரமாய் இருக்கு" எண்டு பொய் சொன்னன்.

இருபது வருசம் பார்த்த தழும்பைக் கறை எண்டு எரிச்சவள் நான். அது எந்தப் புருவம் எண்டும் இப்ப நினைவில்லை. அவரை அறிஞ்ச ஆராவது சரிபார்த்துச் சொல்லுங்கோ.