நடப்பதற்கு மூன்று பக்கம் போதும்

பிள்ளைப்பாக்கத்தில் என் பெயரை யாரும் கேட்பதில்லை. காலைக் கேட்கிறார்கள். பால் பாக்கெட் வாங்கப் போனால் கடைக்காரர், "காலு எப்டி கீது?" என்கிறார். கம்பெனி பஸ் டிரைவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, படியில் முதலில் எந்தக் கால் ஏறுகிறது என்று பார்க்கிறார். இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. முதல் ஏழு வருஷமும் நான் பின்கட்டுப் போர்ஷனில் குடியிருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்து, வலது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்த பிறகுதான் இந்த ஊருக்கு நான் அறிமுகமானேன். எங்கள் விளாத்திகுளம் பக்கம் வேறு மாதிரி. அங்கே ஒரு பெண் தெருவில் நடந்தால், அவளுக்கு நாற்பத்தாறு வயது ஆகியிருந்தாலும், "நீ யாரு மவ?" என்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால் போதும், மேலே கேள்வி இல்லை. என் பெயர் அங்கேயும் தேவைப்படவில்லை. அங்கே ஒருவரின் மகள், இங்கே ஒரு கால். நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரோடு.

வீட்டுக்காரம்மா கன்னியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, மீந்த இடத்தில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். வந்த புதிதில் என்னை "மதுரைக்காரம்மா" என்று கூப்பிட்டார். "மதுரை இல்லீங்க, விளாத்திகுளம்" என்றேன். "எல்லாம் அந்தாண்டதான?" என்றார். விழுப்புரத்துக்குத் தெற்கே இருப்பதெல்லாம் அவருக்கு மதுரை. திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். கால் முறிந்த பிறகு அந்தப் பெயரும் போய்விட்டது. அதிலிருந்து நான் கேட்டைத் தொடும் முன்பே உள்ளேயிருந்து குரல் வரும்: "வா வா, டீ வெச்சுட்டேன்." எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். "உன் காலு சொல்லுது. ஒண்ணு டொக்குன்னு வெக்குது, ஒண்ணு சர்ருனு இழுக்குது. ரோட்டு முனைல வரும்போதே கேக்குது. அப்பவே அடுப்பைப் பத்த வெச்சுருவேன்."

நான் செய்யும் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒரகடம் பக்கம், முறிந்த எலும்பைப் பிடித்து வைக்கும் தகடுகளும் திருகுகளும் செய்கிற கம்பெனி ஒன்றில் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். கோவில்பட்டியில் டிப்ளமா படித்து, ஐடிஐயில் வரைபடம் சொல்லிக்கொடுத்து, கல்யாணம் ஒன்று நடந்து நிலைக்காமல் போய், ஓர் இடத்தில் உட்கார முடியாதவளாக வந்து சேர்ந்த இடம் இது. பிளாஸ்டிக்கில் செய்த எலும்பு ஒன்றை நடுவில் அறுத்து இடைவெளி விடுவேன். இடைவெளிக்கு மேலே தகட்டை வைத்துத் திருகுவேன். இயந்திரம் அதை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். நாங்கள் அதைத் தையல் மெஷின் என்போம், சத்தம் அப்படி. ஒவ்வொரு அமுக்கலும் ஒரு மனுஷன் வைக்கிற ஒரு எட்டு. பத்து லட்சம் எட்டு தாங்கினால் நிறுத்துவோம். சில சமயம் எவ்வளவுதான் தாங்கும் என்று பார்க்க, முறியும் வரை ஓட்டுவோம். அந்த மேஜையில் ஒரு விதி உண்டு: இடைவெளி ஒருநாளும் மூடாது. எலும்பு சேரவே சேராது என்று வைத்துக்கொண்டு, இரும்பை மட்டும் நம்பினால் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

ஆபரேஷன் முடிந்து வந்த ஃபைலில், உள்ளே வைத்த தகட்டின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். எட்டுத் துளை. அந்த எண்ணை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நானே மேஜையில் ஏற்றி முறித்துப் பார்த்த வகை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஸ்டிக்கரைத் தடவினேன். முறிந்த துண்டின் ஓரம் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் மாதம், "கொஞ்சம் கொஞ்சமா கால்ல எடை போட்டு நடங்க" என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

எண்ண ஆரம்பித்தேன். கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினொன்று. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. சோதனைக்கூடத்தில் ஸ்டூலை இயந்திரத்தின் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன், எழுந்தால் நாலு எட்டு மிச்சம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், பாத்ரூமுக்குப் போகும் எட்டும் குறைந்தது. சாயங்காலம் நோட்டில் அன்றைய தொகையை எழுதுவேன். அறுநூறுக்குள் இருந்தால் நிம்மதி. நடப்பது என் பழைய வியாதி என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கரிசலில் வெயில் பிளக்கும்போதும் காரணம் இல்லாமல் நடப்பேன், இருக்கிற இடம் பிடிக்காமல் நடப்பேன், போய்ச் சேர்ந்த இடமும் பிடிக்காமல் திரும்பி நடப்பேன். அப்படிப்பட்டவள் இங்கே எட்டுகளைக் காசு மாதிரி இறுக்கி முடிந்து வைத்தேன். கால் அசையாமல் இருக்க, மனசு மட்டும் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் அலைந்தது.

தம்பி செல்வம் ஊரிலிருந்து போன் பண்ணுவான். "எக்கா, எதுக்கு அங்கன கெடந்து அல்லாடுத? வீடு இருக்கு, நாங்க இருக்கோம், வந்துரு." கால் ஒட்டட்டும், பத்து மணி நேரம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட முடியாது என்பேன். கம்பெனியில் வேறு பிரிவுக்குப் போகிறாயா, நின்றுகொண்டே செய்கிற வேலை, ஆனால் நிரந்தரம் என்று கேட்டார்கள். அவர்களிடமும் கால் ஒட்டட்டும் என்றேன். போகாததற்கும் அதுவே காரணம், வேரூன்றாததற்கும் அதுவே. முறிந்த எலும்புக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது பயம் மட்டுமே தெரிந்தது. எலும்பு சேருவதற்குள் தகடு முறிந்துவிட்டால் மறுபடி ஆபரேஷன், மறுபடி படுக்கை. இந்த ஊரில் தனியாகப் படுத்துக் கிடக்க முடியாது. அந்த ஊருக்குத் தோற்றுப்போன பெண்ணாகத் திரும்பவும் முடியாது.

ஏழாம் மாதம் தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். தகடு வெள்ளை வெளேர் என்று நேராக இருந்தது. அதன் கீழே எலும்பு முறிந்த இடத்தில் கறுப்புக் கோடு, முதல் நாள் பார்த்த அதே கோடு.

"தகடு நல்லா இருக்கில்ல டாக்டர்?" என்றேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

"தகடு புதுசு மாதிரி இருக்கு. எலும்புதான் மங்கிப்போய் இருக்கு. கெண்டைச் சதையும் சூம்பிடுச்சு. நடக்கறீங்களா, இல்லையா?"

"நடக்கிறேன் டாக்டர். ஒரு நாளைக்கு அறுநூறு எட்டுக்கு மேல போறதில்ல."

"எண்ணறீங்களா?"

பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று உண்மையிலேயே நினைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். மேஜை, பிளாஸ்டிக் எலும்பு, மூடாத இடைவெளி எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா, உங்க மெஷின்ல இருக்கறது செத்த எலும்பு. அதுக்கு ஒவ்வொரு எட்டும் செலவு. உங்களோடது உயிருள்ள எலும்பு. எடை விழுந்தாத்தான், சேரணும்னு அதுக்கே தெரியும். நீங்க தகட்டைக் காப்பாத்திட்டு எலும்பைப் பட்டினி போட்டிருக்கீங்க. இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு நல்லா நடந்தாலும் ஒட்டாது. ஆனா நீங்க அதுக்கு ஒரு வாய்ப்பே கொடுக்கல."

மேலும் ஒன்று சொன்னார். அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி, சுழல விட்டு, அதில் உள்ள ஸ்டெம் செல்களைச் சேர்த்தெடுத்து, ஒட்டாத இடத்தில் ஊசி மூலமே விடுவார்கள். சம்மதம் இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்வார். கையெழுத்துப் போடக் கொடுத்த தாளில் அந்த ஸ்டெம் செல்களைக் 'குருத்தணுக்கள்' என்று எழுதியிருந்தது. எனக்குத் திக்கென்றது. பனங்காட்டுக்காரிக்குக் குருத்து என்றால் ஒன்றுதான் ஞாபகம் வரும். பனையில் குருத்தை எடுத்தால் மரம் போய்விடும். "எடுத்த இடம் என்ன ஆகும் டாக்டர்?" என்றேன். "ரெண்டு நாள் வலிக்கும். அப்புறம் மறுபடி ஊறிடும்." "வெச்ச இடத்துல பிடிக்குமா?" "பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். தெரிஞ்சா ஏன் ஆராய்ச்சி பண்றோம்?" இவ்வளவு நேர்மையான பதிலைச் சோதனைக்கூடத்துக்கு வெளியே நான் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டேன். குப்புறப் படுத்திருந்தபோது இடுப்புக்குள் ஏதோ இழுபடுவது தெரிந்தது. கிணற்றின் அடியில் கடைசித் தண்ணீரை வாளி சுரண்டுகிற மாதிரி.

மறுவாரம் வேலைக்குப் போனேன். கூட வேலை பார்க்கும் பிரபு சின்னப் பையன் இல்லை, பேரன் பேத்தி எடுத்த மனுஷன், தண்டலத்துக்காரர், நக்கல் குறையாதவர். எலும்பு சேராமலே நின்றுவிடும், 'நான்-யூனியன்' ஆகிவிடும் என்று டாக்டர் எச்சரித்ததைச் சொன்னேன். "கம்பெனிலயும் யூனியன் இல்ல, உன் கால்லயும் இல்லியா? சுத்தம்!" என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேஜையில் டிக் என்று சின்னச் சத்தம். இயந்திரம் தானாக நின்றது. முறியும் வரை ஓட்ட ஏற்றியிருந்த எட்டுத் துளைத் தகடு, என் காலில் இருக்கும் அதே வகை, முறிந்திருந்தது. பிரபுவின் முகம் மாறியது. "தா, நான் எடுக்கிறேன், நீ பாக்காத" என்றார். நானே எடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில், அலை வந்து வந்து மணலில் விட்டுப்போன கோடுகள் போல வரி வரியாக இருந்தது. ஒவ்வொரு வரியும் இரும்பு தனியாகச் சுமந்த காலம். அதற்குக் கை கொடுக்க அந்தப் பக்கம் எதுவும் வளர்ந்து வரவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கினேன். "இன்னாமா, எடம் மாறி எறங்குற?" என்றார் டிரைவர். நடந்தேன். முதல் நூறு எட்டுக்கு உதடு தானாக எண்ணியது. ஒவ்வொரு எட்டிலும் டிக் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. லாரிகள் புழுதியை மேலே கொட்டிவிட்டுப் போயின. ஏரிக்கரை வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது, ஒதுங்கியதில் எண்ணிக்கை தவறிவிட்டது. அப்படியே நின்றேன். திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணவேண்டும் போல இருந்தது. பிறகு நடந்துவிட்டேன். மறுநாளும் நடந்தேன். நோட்டைக் கன்னியம்மா பால் கணக்குக்கு வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, போன வாரம், மறுபடி எக்ஸ்ரே. கறுப்புக் கோட்டின் மேல் பஞ்சு படர்ந்த மாதிரி வெண்மை. டாக்டர் பேனாவால் சுட்டினார். "முன்னாடி, பின்னாடி, இந்த ஓரம். நாலு பக்கத்துல மூணு சேந்துடுச்சு. மூணு சேந்தா நாங்க ஒட்டிடுச்சுன்னுதான் எழுதுவோம்."

"அந்த நாலாவது?"

"சேரலாம். அப்படியே கோடாவும் நிக்கலாம். நடக்கறதுக்கு மூணு போதும்மா."

ஊசியா, நடையா, எது ஒட்ட வைத்தது என்று கேட்டேன். உங்கள் ஒருத்தர் காலை வைத்துச் சொல்ல முடியாது என்றார். வெளியே வந்து செல்வத்துக்குப் போன் போட்டேன். "ஒட்டிருச்சுல்லா? அப்ப வந்துரு எக்கா." இனி என்ன சாக்குச் சொல்வது என்று தெரியவில்லை. பாக்கிறேன்டா என்றேன். கம்பெனிக்கும் இதே பதிலைத்தான் நாளைக்குச் சொல்லப்போகிறேன் என்று தோன்றியது.

படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. அன்றுதான் முதல்முறையாகக் கால் வலிக்கவில்லை, இழுக்கவில்லை. இரண்டு செருப்பும் ஒரே சத்தம் போட்டன. யாரோ அந்நியப் பெண் என் பக்கத்தில் வந்துகொண்டிருப்பது போல அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்டுக்கு வந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் வரவில்லை. டீ வாசனை இல்லை. தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

உள்ளேயிருந்து கன்னியம்மா சந்தேகமாகக் குரல் கொடுத்தார்: "யாரது, கேட்டாண்ட? யார் ஓணும்?"

நான் வாயைத் திறந்தேன். ஊரில் கேட்டால் அப்பா பெயரைச் சொல்வேன். இங்கே இதுவரை கால் சொல்லிவிடும். தாழ்ப்பாளைப் பிடித்தபடி, ஒரு கால் உள்ளே, ஒரு கால் ரோட்டில், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.