ஹெல்மெட்டைக் கழற்றி வைத்த சிப்பாய்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும்; பாதி மறந்தும் போகும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளை வாராவாரம் இந்தப் பத்திரிகையில் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரிப் படங்களைக் கோத்த ஆல்பம் வந்துவிடும். பக்கத்து வீட்டுச் செல்வி அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஆர்டர் பிடிப்பாள். புருஷன் ராணுவத்தில். எல்லையில், பனிமலைமேல் காவல். சிக்னல் கிடைத்தால்தான் பேச்சு.

போன வாரம் ஆல்பத்தோடு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, இதைப் பாருங்க. எங்க வீட்டு ஹால்ல மாட்ட இதைத்தான் எடுக்கப்போறேன்!"

முருகன், லட்சுமி, கொழுகொழு குழந்தை எல்லாம் தாண்டி ஒரு படம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் வரைந்ததாம். ஒரு சிப்பாய். இரும்புச் சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் கையை ஊன்றியிருக்கிறான். பின்னால் கருத்த மேகம், ஒரு பட்ட மரம். கண் நம்மைப் பார்க்கவில்லை... எங்கோ தூரத்தில்.

"அவுக சாடை தெரியுதுல்ல?" என்றாள் சிரித்துக்கொண்டே.

நான் அதைக் காதில் வாங்கினால்தானே? பத்திரிகையில் எழுதுகிறவள் என்ற நினைப்பு! கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"மொகத்துல சிரிப்பாணி இருக்கா பாரு. பட்ட மரம்னா ஆயுசு முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இது செத்தவன் படம் தாயி. பொட்டு வச்சு மாலை போடுறதுதான் பாக்கி!"

செல்வி ஆல்பத்தை மூடினாள்.

"ரெண்டு மூணு நாளா ஃபோன் இல்ல பெரியம்மா. அவுக எங்கன இருக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டே இப்படிச் சொல்லுதீகளே."

"ஏ செல்வி, நான் படத்தைத்தான்—"

"நானும் படத்தைத்தான் காட்டுனேன்."

போய்விட்டாள்.

மேகத்தைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பார்த்தேனா? என்ன பெரிய விளக்கம்!

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் அச்சாபீஸ் வேலை முடிந்து வந்தார். பைக்கை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்க்மேல் வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "காப்பி இருக்கா?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அட... அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டை நடக்கிற இடத்தில் எவனாவது ஹெல்மெட்டைக் கழற்றுவானா? வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்தானே கழற்றுவான்!

செல்வி வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

"இப்ப மாத்திச் சொல்லுதீகளாக்கும்?" சிரிக்கவில்லை அவள். "அந்தத் தாளை ஆல்பத்துல இருந்து உருவிட்டேன். கடைக்காரக கேட்டா, டிசைன் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிடுவேன்."

"ஃபோன் வந்துச்சா தாயி?"

"வரும்."

கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

இதை எழுதும்வரை வரவில்லை.

ஓவியம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்கள். மேகம், மரம் எல்லாம் நினைவிலிருந்து சொன்னது; அதுவே தப்பாக இருக்கலாம். 'நீ முதலில் சொன்னது தப்பு, கிழவி' என்று ஒரு வரி போட்டால் போதும். செல்வியிடம் காட்ட வேண்டும்.