பெரியவரின் பூட்டிய வீடு

கடையோ, வீடோ, யாரோ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளோ, பூட்டைக் கண்டால் பூட்டுக்காரர் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். பூட்டு ரிப்பேர்க் கடையை மூடி வருடங்களாகிவிட்டன. கைக்கு மட்டும் அது தெரியாது. "இதெல்லாம் ஒரு பூட்டா? சும்மா மரியாதைக்குத் தொங்குது" என்று திட்டிவிட்டு நடப்பார்.

சாவியைத் தொலைத்தவர்கள் இன்றும் தேடி வருவார்கள். ஒரே நிபந்தனைதான். "வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கணும். இல்லேன்னா கம்பியையே எடுக்க மாட்டேன்." சொந்த மச்சான் கெஞ்சியும் மசியாதவர்.

அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்களே என்று, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன தடவை வந்தபோது உள்ளூர் நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கூட்டிவந்தாள். பத்து வயதுக்கு மேல். முகமெல்லாம் நரை.

"குட்டின்னா உங்களால பின்னாடி ஓட முடியாதுப்பா. இது உங்கள மாதிரியே, சத்தமில்லாம இருக்கும்."

"நானா சத்தமில்லாம இருக்கேன்? உங்கம்மா பேச விட்டாத்தானே!"

மனைவி அதைப் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவார். "நரைச்சவரப் போயி வாடா போடான்னா நல்லாவா இருக்கு?"

பெரியவர் சாதுதான். சாயங்காலம் மட்டும் பூட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய், நாலு தெரு தள்ளி ஒரு பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடும். அங்கே தனியாக இருந்தவர் இறந்ததும், மகன்கள் வீட்டைப் பூட்டி, நாயைக் காப்பகத்தில் விட்டுப் போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். நாய் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் நாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எனக்குத் துணைன்னு விட்டுட்டுப் போன. நான்ல இதுக்குத் துணைக்குப் போயிட்டிருக்கேன்" என்று மகளிடம் ஃபோனில் சலித்துக்கொள்வார்.

உள்ளே யாருமில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் தங்கள் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஒருநாள் சட்டைப்பையில் பூட்டுத் திறக்கும் கம்பியோடு கிளம்பினார்.

"அடுத்தவங்க வீடுங்க" என்றார் மனைவி.

"வீட்டுக்காரர்தான் கூடவே நிக்கப்போறாரே!"

பூட்டு சட்டென்று திறந்துகொண்டது. நாய் குட்டியைப் போலப் பாய்ந்தது. அவர் உள்ளே போகவில்லை. வெறுந்தரையில் நகங்கள் அறை அறையாக ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு ஏதோ ஓர் அறையில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்த நாய், அவரையும் பார்க்காமல் கதவையும் பார்க்காமல் நடந்தது. வழியில் எந்தக் கம்பத்தையும் முகரவில்லை.

இப்போது அது அந்தத் தெருவுக்கு இழுப்பதில்லை. எந்தத் தெருவுக்கும் இழுப்பதில்லை. தட்டில் வைப்பது பாதி அப்படியே கிடக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறார் கால்நடை மருத்துவர்.

"வந்துடுவாருன்னு ஒரு நெனப்புலயாவது இருந்துச்சு பாவம்" என்றார் மனைவி, வெங்காயம் உரித்தபடி. "அதையும் தெறந்து காட்டிட்டீங்க."

அவர் தட்டை நாயின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேன்ப்பா" என்றாள் மகள் ஃபோனில். போன மாதமும் அப்படித்தான் சொன்னாள். எந்தத் தேதி, எந்த வண்டி என்று குடைந்தெடுப்பவர், இந்த முறை "சரிம்மா, வா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொள்கிறார். நாயின் கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கோக்கிறார். அது எழுவதில்லை. மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.