இன்னும் ஒரு கரண்டி சோறு

பிள்ளைகளே, சாப்பாட்டு விஷயத்தில் உங்கள் அம்மா செய்கிற தொல்லையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். மாசமாக இருக்கிற பெரியவள் போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தாலும், விரல் சந்தில் ஒரு கரண்டி சோற்றைத் தள்ளிவிடுகிறாள். "அம்மா, வயித்துல ஒண்ணுதான் கீது, நாலு இல்ல" என்று போன வாரம், பெரியவளே, நீ சொன்னபோது வீடே சிரித்தது. உங்கள் அம்மா மட்டும் எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அது ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. உங்களுக்கெல்லாம் முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் தேரடித் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சப்ளையராக இருந்தேன். உட்காருகிறவர் முகத்தைப் பார்த்தே எவ்வளவு போடலாம் என்று கை தெரிந்துகொண்டுவிடும். பல் முளைக்காத குழந்தை என்றால் இலையின் நுனியைச் சின்னதாகக் கிழித்துப் போட்டு, சோற்றைக் கரண்டியாலேயே மசித்து, பருப்பும் நெய்யும் விடுவேன். மீசை அரும்புகிற பையன்களுக்கு முதல் தரம் போட்டுவிட்டு நகரவே முடியாது. வயசானவர்களுக்கு அண்டாவின் அடியில் குழைந்து கிடக்கிற சோறு. கைக்குழந்தையோடு வருகிற பெண்களுக்குப் பசி அதிகம், வெட்கமும் அதிகம். அவர்களைக் கேட்கக் கூடாது; வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

உங்கள் அம்மா முதல் முறை முழுகாமல் இருந்தபோது, பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்குது. இனிமே ஒரு பிடி ஜாஸ்தியாவே துன்னணும். மாத்திரைய விடாம போடு" என்றார். அன்றைக்கே கடையில் விஷயத்தைச் சொன்னேன். சமையல் மாஸ்டர் தினமும் ராத்திரி கூட்டும் பொரியலுமாகக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். "இன்னாப்பா, ரெண்டு உசுருக்குப் பார்சல். வழியில நீ துன்னுடாத" என்பார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் வாங்கி மூடி வைப்பாள். "அப்புறமா துன்றேன், நீங்க படுங்க."

ஒருநாள் காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு பாயம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, நேத்து பூசணிக்கா கூட்டு பிரமாதம். பசங்க சட்டியையே நக்கிட்டானுங்க. உங்க பக்கத்துல குடியிருந்தா எங்க வூட்ல அடுப்பே பத்த வைக்க வாணாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குள் போய்க் கேட்டேன். உங்கள் அம்மா மறைக்கவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"ஆமா, குடுத்துட்டேன். மாத்திரையும் போடல. ஜாஸ்தி துன்னா புள்ள பெருத்துடும்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்கக்காவ நீங்க பாக்கல, நான் பாத்தேன்."

அவள் அக்காவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிடுகிற வீடு. பிரசவத்தில் குழந்தை வெளியே வராமலே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். புள்ள பெருசு, புள்ள பெருசு என்று சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது. நான் நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். "அந்தம்மாவா பெக்கப் போவுது?" என்றாள். பிறகு அழுதாள். "எனக்குச் சாவப் பயமா இருக்குதுங்க."

கெஞ்சிப் பார்த்தேன். என் எதிரில் ஒரு கரண்டி அதிகம் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டாள். சாப்பிட்டாள். ஆனால் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. அந்த நாட்களில் சப்ளையருக்கு வீடு கிடையாது, படுக்கையே கடையில்தான். ஊர் ஊராக வந்த ஜனத்துக்கு போதும் போதும் என்கிற வரைக்கும் போட்டேன். வீட்டில் அவள் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மார்கழியில் பிரசவம் ஆனது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கஷ்டமே இல்லை. உள்ளே போனதும் தெரியவில்லை, பிறந்ததும் தெரியவில்லை. "பாத்தீங்களா, நான் சொன்னேன் இல்ல?" என்று சிரித்தாள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. குழந்தையைப் பஞ்சில் சுற்றி என்னிடம் காட்டினார். என் ஒரு உள்ளங்கையில் தலையும் முதுகும் அடங்கிவிட்டது. "எடை ரொம்பக் கம்மி. பனியில காட்டாதீங்க. விடாம பால் குடுக்கணும். நீ நல்லா துன்னாத்தாம்மா பால் ஊறும்."

அதற்குப் பிறகு உங்கள் அம்மா சாப்பிட்டதை நான் என்னவென்று எழுதுவது? பூண்டு, கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. கும்பா காலியானதும் என் முகத்தைப் பார்ப்பாள். "இன்னும் ஒரு கரண்டி போடுங்க" என்பாள். விழுங்க முடியாமல் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவாள். பாலும் ஊறியது, துணியை நனைக்கிற அளவுக்கு ஊறியது. குடிக்கத்தான் அந்தக் குழந்தைக்குத் தெம்பு இல்லை. இரண்டு தரம் உறிஞ்சும், களைத்துத் தூங்கிவிடும். பாதத்தைச் சுண்டி எழுப்பினால் அழும். அந்த அழுகை பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றிப் பார்த்தோம், கடைவாயில் வழிந்தது. கொஞ்சம் தேறட்டும், பேர் வைக்கலாம் என்று தள்ளிப் போட்டோம். மாசி பிறந்த வாரத்தில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அவர்களும் பார்த்தார்கள். பேர் வைக்காமலே புதைத்தோம்.

அவள் சாப்பிடாததுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. டாக்டர்கள் வேறு சொல்லலாம். அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

பிள்ளை போன பிறகும் பால் நிற்கவில்லை. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் வற்றும் என்று பாயம்மா சொன்னார். கோயில் வாசலில் போய் உதிரிப் பூ கேட்டேன். பூக்காரம்மா அளந்து போட்டுக்கொண்டே, "இவ்ளோ பூவா! வூட்ல இன்னா விசேஷம்?" என்றார். "ஆமாங்க, விசேஷம்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்து பெரியவளே, நீ வயிற்றில் இருந்தாய். உங்கள் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. நடுங்கிக்கொண்டே சாப்பிட்டாள், மாத்திரையும் போட்டாள். நீ பிறக்கும்போது நிஜமாகவே ரொம்பக் கஷ்டப்பட்டாள். அந்தக் கரண்டியைத்தான் இப்போது உன் இலைக்குக் கொண்டுவருகிறாள். கையைக் குறுக்கே வைக்காதே.

இன்னொன்று உண்டு. இதை உங்கள் அம்மாவிடமும் நான் சொன்னதில்லை. அந்த வருஷம் ஆனி மாதம், அந்தக் குழந்தை இருந்திருந்தால் முதல் சோறு ஊட்டுகிற மாதம். மத்தியானப் பந்தி முடிந்து, மற்றவர்கள் பின்கட்டில் படுத்துவிட்டார்கள். நான் கடைசி மேசையைத் துடைத்து, ஓர் இலையின் நுனியைச் சின்னதாகக் கிழித்துப் போட்டேன். ஒரு பிடி சோற்றை நன்றாக மசித்து, பருப்பும் நெய்யும் விட்டேன். சூடு ஆறுகிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன். பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் மூடுகிற மாதிரி, அந்த இலையை உள்பக்கமாக மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.